தீபாவளிக்குக் கையால் செய்த பரிசு கொடுத்தால் கஞ்சம் என்பார்களா?

செம்பனைநிழல் (பந்திங்)
28 செப்டம்பர் 2025, இரவு 9:10

அனைவருக்கும் வணக்கம். இங்கே மலேசியாவில் அக்டோபர் 20 தீபாவளி, இன்னும் மூன்று வாரம்தான். இந்த வருஷம் பரிசுப் பொருள், அதைச் சுற்றும் தாள், வாழ்த்து அட்டை எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்வது என்று நானும் மகளும் இறங்கிவிட்டோம்.

கொடுக்க வேண்டியவர்கள்: பக்கத்து வீடுகள், அத்தை, சித்தி வீடுகள், மகளின் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், கோயிலில் கூட நின்று வேலை செய்கிற நாலைந்து பேர், எதிர்வீட்டு மலாய்க் குடும்பம், வருஷமெல்லாம் கணக்கில் எழுதிக்கொண்டு சாமான் தருகிற சீனர் கடை முதலாளி, அதாவது தவ்கே.

காசு ஒரு காரணம். அதைவிட எனக்கு உறுத்துவது கடைக் கூடைகள்தான். மேலே கண்ணாடித்தாள், பளபளக்கும் நாடா, உள்ளே வீட்டில் ஒருவரும் தொடாத பிஸ்கட். பண்டிகை முடிந்த கையோடு அந்த மினுக்குத் தாளையெல்லாம் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) பின்னால் குவித்துக் கொளுத்துகிறார்கள். பிள்ளைகள் படுக்கிற அறைவரை அந்த நாற்றம் வருகிறது.

அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "வெறும் வாயை மெல்லுறவங்களுக்கு அவல் கொடுக்காதே, கஞ்சம்னு பேசுவாங்க" என்கிறார். என்ன செய்தால் வாங்கியவர்கள் உண்மையிலேயே எடுத்துப் பயன்படுத்துவார்கள்? எங்களிடம் தையல் மிஷின் இருக்கிறது, கையில் நேரம் ராத்திரியில் மட்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


இரவுவேலை (சுபாங்)
28 செப்டம்பர், இரவு 10:02

அக்கா, உங்கள் எண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறவர்களுக்குத் தீபாவளிக்கு முதல் நாள்வரை வேலை இருக்கும். கையால் செய்வதற்கு நேரம் வேண்டும், அந்த நேரம் எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு பெரிய பிஸ்கட் டின் வாங்கி மாமா வீட்டுக்குக் கொண்டு போவார். கடையில் வாங்கிய பொருளைத் தன்னாலும் கொடுக்க முடிகிறது என்பதுதான் அவருக்குக் கௌரவம். அதனால், கடையில் வாங்கினால் அன்பு இல்லை என்கிற மாதிரி இந்த இழை போய்விடக்கூடாது.


செம்பனைநிழல் (பந்திங்)
28 செப்டம்பர், இரவு 10:15

நீங்கள் சொல்வது நியாயம் தம்பி. யாரையும் குறை சொல்ல இதைத் தொடங்கவில்லை. உங்களைப் போல நேரம் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி கிடைத்தால் நல்லதுதானே.


பலகாரத்தட்டு (ரவாங்)
29 செப்டம்பர், காலை 7:30

தின்பண்டத்திலிருந்து தொடங்குகிறேன், அதுதான் என் தொழில்.

முறுக்கு இருக்கிற வீட்டுக்கு முறுக்கு கொண்டு போகாதீர்கள். தமிழர் வீடுகளில் அந்த வாரம் முறுக்கு, அச்சு முறுக்கு, நெய்யுருண்டை என்று டின் டின்னாக அடுக்கியிருக்கும். நீங்கள் தருவது பத்தோடு பதினொன்றாகிவிடும். பலகாரத்தை மலாய், சீன நண்பர்களுக்குக் கொடுங்கள். அவர்கள் வருஷமெல்லாம் எதிர்பார்க்கிற பொருள் அது.

சொந்தக்காரர்களுக்கு என்றால் வீட்டுக் கறித்தூள். மல்லி, காய்ந்த மிளகாய், சீரகம், சோம்பு, மிளகு, பட்டை, கிராம்பு, ஏலக்காய் எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்து, லேசாக வறுத்து, டவுனில் மில்லில் கொடுத்து அரைத்து வாருங்கள். மில்லிலிருந்து வரும்போது தூள் சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு பாட்டிலில் அடைத்தால் உள்ளே வேர்த்துக் கட்டி தட்டிவிடும். செய்தித்தாளில் கொட்டாதீர்கள், அச்சு மை ஒட்டும். சுத்தமான துணியில் பரப்பி, கை வைத்தால் ஜில்லென்று இருக்கும்வரை விட்டு, அப்புறம் அடையுங்கள். ஜாம் பாட்டில், காப்பித்தூள் பாட்டில் போதும். மூடியின் உள்பக்கம் ஊறுகாய் வாசனை இருந்தால் மட்டும் அந்தப் பாட்டில் வேண்டாம்.

ஒரு சின்னச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள்: அரைத்த தேதி, மீனுக்கா கோழிக்கா, அரைக் கிலோவுக்கு எத்தனை கரண்டி. இந்தக் கடைசி வரி முக்கியம். அளவு தெரியாவிட்டால் பாட்டில் அலமாரியிலேயே கிடக்கும்.

மலாய் வீட்டுக்குப் பலகாரம் கொடுக்கும்போது புது எண்ணெயில் சுட்டு, புது டப்பாவில் போடுங்கள். நம் வீட்டுப் பழைய பாத்திரத்தில் போட்டால் அவர்களுக்கு மனசில் ஒரு தயக்கம் வரலாம், கேட்கவும் கூச்சப்படுவார்கள். நிலக்கடலை, முந்திரி சேர்த்திருந்தால் அதையும் சீட்டில் எழுதிவிடுங்கள். முறுக்கு முழுசாக ஆறிய பிறகுதான் மூடவேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.


லயத்து_மூத்தவர் (கோல லங்காட்)
29 செப்டம்பர், மாலை 5:45

தங்கச்சி, நான் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் குலை வெட்டி ஓய்வு பெற்றவன். உங்கள் பெயரிலேயே செம்பனை இருக்கிறது. பொருளும் அங்கேயே இருக்கிறது.

குலை வெட்டும்போது கூடவே மட்டையையும் வெட்டித் தள்ளி, வரிசைக்கு நடுவில் அடுக்கிப் போடுவார்கள். அந்த ஓலையின் ஈர்க்கு தென்னை ஈர்க்கைவிட விறைப்பு. அதில் தட்டு பின்னலாம். சாப்பாட்டுக் கடைகளில் வாழையிலையோ தாளோ விரித்துச் சோறு வைத்துத் தருகிறார்களே, அந்த மாதிரித் தட்டு. சரியாகப் பின்னினால் பல வருஷம் உழைக்கும்.

செய்முறை சொல்கிறேன். அன்றைக்கு வெட்டிய பச்சை மட்டையாகப் பாருங்கள். காய்ந்தால் ஓலை உரிந்து வராது. பழைய குவியலில் கையை விடவே கூடாது, பாம்பும் தேளும் அங்கேதான் படுத்திருக்கும். மட்டையின் அடிப்பக்கம் முள் வாள் பல் மாதிரி இருக்கும், அதைத் தொடாமல் ஓலையை மட்டும் கழித்து எடுங்கள். சின்னக் கத்தியை ஈர்க்கோடு படுக்கவைத்து, அடியிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பு. இரண்டு பக்கமும் ஓலை கழன்றதும் துணியால் துடைத்து, நல்ல வெயிலில் இரண்டு நாள். இப்போது சாயந்தரமானால் மழை வருகிறது, மறக்காமல் உள்ளே எடுத்து வையுங்கள், நனைந்தால் கறுப்புப் பூக்கும்.

பின்னுவதற்கு முன் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவேண்டும். ஊறாத ஈர்க்கு வளைக்கும்போது ஒடியும். நாலைந்து ஈர்க்கை ஒரு பிடியாக வைத்து, பிடிகளை நடுவில் ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கே கோத்து வட்டமாக விரியுங்கள். அடிப்பக்கமும் நுனியும் மாறி மாறி வரட்டும். எல்லா அடியும் ஒரே பக்கம் வந்தால் தட்டு கோணும். அப்புறம் ஒவ்வொரு பிடியையும் வளைத்து அடுத்ததன் மேலே, அதற்கடுத்ததன் கீழே என்று சுற்றி வாருங்கள். விளிம்பு தானாக எழும். மிச்ச நுனிகளைக் கீழ்ப்பக்கம் மடக்கிச் செருகினால் அதுவே தட்டுக்குக் கால். நீட்டிக்கொண்டிருப்பதை நறுக்கிவிட்டு, பிசிறு போக நெருப்பில் ஒரு காட்டு காட்டி எடுத்துவிடுங்கள்.

எழுத்தில் புரிவது கஷ்டம். ஒரு தட்டு கண்ணால் பார்த்துவிட்டால் கை தானே பிடித்துக்கொள்ளும். தோட்டத்துக்குள் போகும்முன் மேற்பார்வை பார்க்கிற மண்டோரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.


படிவம்நாலு (தெலுக் பங்லிமா காராங்)
29 செப்டம்பர், இரவு 8:20

ஐயா, கேரித் தீவில் மா மெரி என்கிற பூர்வகுடி மக்கள் நிப்பா என்கிற பனை வகையின் ஓலையை மடித்துப் பறவை, பூ எல்லாம் செய்வார்கள். பள்ளியிலிருந்து கூட்டிப்போனபோது பார்த்தேன். நம் கோயில் திருவிழாத் தோரணத்தில் தொங்குகிற குருத்தோலைக் கிளியும் கிட்டத்தட்ட அதே வேலைதான். பரிசு மேல் ரிப்பனுக்குப் பதிலாக ஒரு ஓலைக்கிளி கட்டினால் நன்றாக இருக்குமா?


லயத்து_மூத்தவர் (கோல லங்காட்)
29 செப்டம்பர், இரவு 8:50

நன்றாக இருக்கும் தம்பி. ஆனால் குருத்தோலை முதல் நாள்தான் வெள்ளையும் மஞ்சளுமாகப் பளிச்சென்று இருக்கும், அப்புறம் பழுத்துவிடும். கொடுக்கிற அன்றைக்குக் காலையில் மடி. குருத்துக்காக நல்ல தென்னையின் நடுக்குருத்தை வெட்டிவிடாதே. கோயில் தோரணத்துக்கு எடுக்கிறவர்களிடம் மிச்சத்தைக் கேட்டு வாங்கு.


ஆசிரியை_தமிழ்ப்பள்ளி (பந்திங்)
30 செப்டம்பர், மாலை 4:15

சுற்றும் தாளுக்கு என் பங்கு. நாங்கள் வகுப்பில் குழுவேலைக்குப் பயன்படுத்துகிற மாஜோங் தாள்தான் இதற்குச் சரியானது. எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும், அகலம் பெரிது, பலகார டின் ஒன்றை ஒரே தாளில் சுற்றலாம். வெள்ளையாக இருப்பதால் மேலே அச்சுப் போடலாம்.

வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ்ப் பூ. பாகற்காய் வெட்டினால் ஓரம் சுருக்கு வைத்த வட்டம். வாழை மட்டையை வெட்டினால் உள்ளே அறை அறையாகப் பிறை வடிவம். இந்த மூன்றையும் வைத்துப் பிள்ளைகள் ஒரு கோலமே போட்டுவிடுவார்கள். வெட்டிய முகத்தைத் துணியில் ஒற்றி ஈரம் எடுத்துவிட்டு, வண்ணத்தில் பஞ்சைத் தோய்த்து மெல்லத் தடவி, அப்புறம் அழுத்தவேண்டும். வெண்டைக்காயை அப்படியே வண்ணத்தில் முக்கினால் பூ வராது, கறைதான் வரும். போஸ்டர் கலர் மழைத் தண்ணீர் பட்டால் கரையும். மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகிறவர்கள் அக்ரிலிக் வாங்குங்கள்.

வாழ்த்து அட்டைக்கு ஒன்று சொல்கிறேன், பிள்ளைகள் இதை விடவேமாட்டார்கள். மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காயவையுங்கள். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி, தெளிந்த நீரை மட்டும் கிண்ணத்தில் எடுத்து, குச்சியிலோ சின்னத் தூரிகையிலோ தொட்டு அந்த மஞ்சள் தாளில் எழுதச் சொல்லுங்கள். தொட்ட இடம் கண் முன்னே சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே, அதுதான். சுண்ணாம்பில் உள்ள காரம் மஞ்சளின் நிறத்தை மாற்றுகிறது. சவர்க்காரத் தண்ணீரிலும் எழுத்து வரும், நிறம் கொஞ்சம் மங்கல். சுண்ணாம்பு நீர் கண்ணில் படாமல் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். மஞ்சள் வெயிலில் வெளுக்கும், சிவப்பும் நாளாக ஆகப் பழுப்பாகும். அதனால் கொடுக்கிற வாரத்தில் செய்யுங்கள்.

அப்புறம் ஆசிரியர்களுக்கு என்ன கொடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். பிள்ளை தன் கையால் எழுதிய அட்டை போதும். என் மேசை இழுப்பறையில் அப்படி வந்த அட்டைகள் எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். பரிசாக வந்த கோப்பைகளை வைக்கத்தான் இடம் இல்லை.


ரப்பர்க்கொட்டை (சுங்கை சிப்புட்)
30 செப்டம்பர், இரவு 9:00

சீனர் கடைக்குக் கொடுப்பதாக இருந்தால் ஒரு விஷயம். மாஜோங் தாளை வெறும் வெள்ளையாகச் சுற்றிக் கொடுக்காதீர்கள். வெள்ளையும் கறுப்பும் அவர்களுக்குத் துக்கத்தின் நிறம். சிவப்பில் நிறைய அச்சுப் போட்டுவிடுங்கள். கடிகாரமும் பரிசாகக் கூடாது. பணம் வைத்தால் இரட்டைப்படை. நாம் 11, 21, 51 என்று ஒற்றை வைத்துக் கொடுப்போம், அவர்களுக்கு அது பொருந்தாது.

பண்டிகைக்குப் பணம் வைத்துக் கொடுக்கிற அங்பாவ் உறையும் வீட்டில் செய்யலாம். பழைய மாதக் காலண்டர் தாள் வழவழப்பாக, கெட்டியாக இருக்கும். ஒரு பழைய உறையைப் பிரித்து வைத்து அதே அளவில் வரைந்து, வெட்டி, மடித்து ஒட்டவேண்டியதுதான். சாமி படம் உள்ள பக்கத்தை மட்டும் வெட்டவேண்டாம், கிழித்துக் குப்பையில் போட யாருக்கும் மனம் வராது. பூ, மலை, கடல் படங்கள் போதும்.

பசைக்கு மரவள்ளி மாவைத் தண்ணீரில் கரைத்து, கிண்டிக்கொண்டே கண்ணாடிப் பதம் வரும்வரை காய்ச்சுங்கள். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே. பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடும் வழக்கம் புத்தகம் கட்டுகிறவர்களிடம் உண்டு, ஆனால் அது விஷம். தின்பண்டப் பொட்டலத்துக்கும் பிள்ளைகள் கைபடும் வேலைக்கும் வேண்டவே வேண்டாம்.


கிள்ளான்_தையல்
1 அக்டோபர், மதியம் 1:30

தையல் மிஷின் இருக்கிறது என்றீர்கள். அப்படியானால் தாளே எதற்கு? துணியில் சுற்றுங்கள், சுற்றியதும் பரிசாகிவிடும்.

ஜப்பானியர்கள் ஃபுரோஷிக்கி என்று சதுரத் துணியில் பொருளை வைத்து முடிச்சுப் போடுவார்கள். நம் பாட்டிமார் சேலை முந்தானையிலும் துண்டிலும் சோறு கட்டிக்கொண்டு வேலைக்காட்டுக்குப் போனதும் இதே முறைதான். அளவுக்கு ஒரு கணக்கு: துணியின் மூலைவிட்டம், பொருளின் நீளத்தைப் போல மூன்று மடங்கு இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் முடிச்சுக்கு நுனி எட்டாது.

பழைய பருத்திச் சேலை நல்லது. பட்டு வழுக்கும், நைலக்ஸ் முடிச்சு நிற்காது. கரையோரம் கிழியாமல் இருக்கும், நடுப்பாகம் உடுத்தி உடுத்தி நைந்திருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நைந்த இடத்தை ஒதுக்கிவிட்டு வெட்டுங்கள். நாலு ஓரமும் இரண்டு மடிப்பாக மடித்துத் தைக்கவேண்டும். பாத்தேக் (பாத்திக்) கைலித் துண்டும் அழகாக இருக்கும், மலாய் வீட்டுக்கு அதைக் கொடுங்கள்.

நாடாவுக்கு வாழைநார். வாழைமரத்தில் காய்ந்து தொங்கும் மட்டையை உரித்து, விரல் அகலத்துக்குக் கிழித்துக் காயவைத்துக்கொள்ளுங்கள். கட்டுவதற்கு முன் தண்ணீரில் நனைத்தால் மெத்தென்று வளையும், காய்ந்ததும் முடிச்சு இறுகிவிடும். பூக்கட்டுகிறவர்கள் கையில் பார்த்திருப்பீர்கள்.

இனி கஞ்சம் என்கிற கேள்வி. பல வருஷமாக மற்றவர்களுக்குத் தைத்துக் கொடுக்கிறவள் என்கிற முறையில் சொல்கிறேன். கையால் செய்தது என்பதற்காக யாரும் குறை பேசுவதில்லை. ஓரம் பிசிறு தொங்குகிறது, பாட்டிலில் பழைய லேபிள் பாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது, டேப் கோணலாக இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். பேசினால் தப்பும் இல்லை, அவர்களுக்குக் கொடுக்கிற பொருளில் நாம் அக்கறை வைக்கவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்? பத்து வகை செய்யாதீர்கள். ஒன்றை எடுத்து, கடைப்பொருள் பக்கத்தில் வைத்தாலும் குறையாத மாதிரி முடியுங்கள். பழைய லேபிளை வெந்நீரில் ஊறவைத்து, மிச்சப் பிசினைச் சமையல் எண்ணெய் தடவித் துடைத்தால் சுத்தமாகப் போய்விடும்.


இரவுவேலை (சுபாங்)
1 அக்டோபர், இரவு 11:40

எல்லாவற்றையும் படித்தேன். தட்டும் தையலும் என்னால் முடியாது. எனக்கு ஒரே ஒரு ஓய்வுநாள் கிடைக்கும். மனைவியும் வேலைக்குப் போகிறவர். அதற்குள் முடிகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா? எட்டு வீட்டுக்கு வேண்டும்.


பலகாரத்தட்டு (ரவாங்)
2 அக்டோபர், காலை 6:50

கறித்தூள்தான் தம்பி. காலையில் காயவைத்து வறுத்து, மதியம் மில்லுக்கு, சாயந்தரம் ஆறவைத்து அடைத்துவிடலாம். மில் அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள், தீபாவளி நெருங்கினால் வரிசை நிற்கும். அந்த நேரத்தில் பிள்ளைகளைக் காலண்டர் தாளில் அங்பாவ் உறை மடிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் அம்மா பிஸ்கட் டின் கொடுத்ததைப் படித்து எனக்குக் கண் கலங்கியது. அந்த மாதிரிப் பழைய டின் வீட்டில் இருந்தால் கழுவிக் காயவைத்து, கறித்தூள் பாட்டிலை அதற்குள் வைத்துக் கொடுங்கள். மாமா வீட்டுக்கு அது புரியும்.


இரவுவேலை (சுபாங்)
2 அக்டோபர், காலை 7:05

டின் இருக்கிறது. அம்மா அதில்தான் ஊசிநூல் வைத்திருக்கிறார். கேட்டுப் பார்க்கிறேன். நன்றி அக்கா.


செம்பனைநிழல் (பந்திங்)
2 அக்டோபர், இரவு 9:30

எல்லாருக்கும் நன்றி. அம்மாவை உட்காரவைத்து முழுசாகப் படித்துக் காட்டினேன். தையல் அக்கா எழுதியதைக் கேட்டதும், "ஓரம் நான் தைக்கிறேன், நீ தைச்சா கோணும்" என்றார். இதற்குமேல் என்ன சம்மதம் வேண்டும்?

எங்கள் முடிவு இது: சொந்தக்காரர்களுக்குக் கறித்தூள், சேலைத் துணியில் கட்டி. எதிர்வீட்டுக்குப் புது டப்பாவில் முறுக்கும் நெய்யுருண்டையும், பாத்தேக் துணியில். தவ்கேவுக்கும் அதே பலகாரம், சிவப்பு வெண்டைப்பூத் தாளில். ஆசிரியர்களுக்கு மஞ்சள் அட்டை, மகள் எழுதுவாள். கோயில் ஆட்களுக்கு ஈர்க்குத் தட்டு கொடுக்க ஆசை, ஆனால் பின்னத் தெரியவில்லை. ஐயா, சனிக்கிழமை உங்களுக்கு நேரம் இருக்குமா? நாங்கள் வருகிறோம்.


லயத்து_மூத்தவர் (கோல லங்காட்)
3 அக்டோபர், காலை 6:15

வாருங்கள் தங்கச்சி. காலை எட்டு மணிக்கு, வெயில் ஏறும்முன். மண்டோரிடம் நேற்று ராத்திரியே சொல்லிவிட்டேன், வெள்ளிக்கிழமை வெட்டுகிற வரிசையில் மட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஓலையை இன்றைக்கே கழித்து வைத்துவிடுவேன். முன்பே உரித்துக் காயவைத்த ஈர்க்கு ஒரு கட்டு வீட்டில் இருக்கிறது. பின்னிப் பழக அது போதும், புதுசை நீங்கள் உரித்து வெயிலில் போட்டுக்கொள்ளலாம். ஆளுக்கொரு சின்னக் கத்தியும், முழுக்கைச் சட்டையும், ஈரத்துணியும் கொண்டு வாருங்கள். அந்தப் படிவம் நாலு தம்பியும் வருவதாக இருந்தால் வரட்டும், ஒரு கை கூட இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.


படிவம்நாலு (தெலுக் பங்லிமா காராங்)
3 அக்டோபர், காலை 6:40

வருகிறேன் ஐயா. கத்தி அப்பாவிடம் இருக்கிறது.